அம்சவல்லி குடியிருந்த கப்பல் கார்

அம்சவல்லிக்கு வாய் நீளம் என்று நல்லாங்குடியில் எல்லோரும் சொல்வார்கள். அது அபாண்டம். குறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சொல்லாமல் விழுங்க அவளால் முடியாது, அவ்வளவுதான். நடவுக்குப் போனால் நாற்று முடி சரியில்லை என்பாள். கல்யாணத்துக்குப் போனால் சாம்பாரில் உப்பில்லை என்று மாப்பிள்ளையிடமே போய்ச் சொல்வாள். பூசாரி எட்டி நின்று விபூதியைப் போட்டால், "கிட்ட வந்து குடுத்தா கரைஞ்சா போயிடுவே?" என்று கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் இட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் குறையே சொல்லாமல் நின்றாக வேண்டும், நின்றால்தான் குடியிருக்க ஒரு மனை கிடைக்கும் என்று ஆகிவிட்டது.

அவளும் புருஷன் மருதையனும் மிராசுதார் ரெங்கசாமியின் பண்ணையில் கூலி வேலை பார்த்தார்கள். ஒரு கார்த்திகை மழையில் குடமுருட்டி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து அவர்கள் குடிசையை அடித்துக்கொண்டு போய்விட்டது. வயலுக்கு நடுவே மேடாக இருந்த திடலில் ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ள இடம் கேட்டு மருதையன் மிராசுதார் முன்னால் போய் நின்றான்.

மிராசுதாருக்கு அது தூக்கம் கெட்ட காலம். மெட்ராஸில் கழக ஆட்சி. ஒரு நாள் நில உச்சவரம்பு என்கிறார்கள், மறுநாள் குத்தகை என்கிறார்கள். வரப்பில் இறங்கினால் சிவப்புக் கொடி. இது போதாதென்று, குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று ஒரு சட்டம் வரப்போவதாகக் கும்பகோணத்து வக்கீல் வேறு காதில் போட்டு வைத்திருந்தார். கொட்டாய் போட விட்டால் மனை போய்விடும். விடாவிட்டால் நடவுக்கு ஆள் வராது. மிராசுதார் மோவாயைத் தடவிக்கொண்டு திடலைப் பார்த்தார். அங்கே புளியமரத்தடியில் அவர் அப்பா வாங்கிய கார் நின்றது.

சாதாரணக் கார் இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அதனால் ஊரில் அதற்குக் கப்பல் கார் என்றே பெயர். பெரியவர் இருந்தவரை அது போகும்போது எருமைகூட ஒதுங்கி நிற்குமாம். பெரியவர் போன பிறகு என்ஜினைக் கழற்றி ஆற்றங்கரையில் தண்ணீர் இறைக்கப் பூட்டிவிட்டார்கள். மீதி உடம்பு மரத்தடியில் கிடந்தது.

"கொட்டாயெல்லாம் எதுக்குடா? நம்ம கார்லயே படுத்துக்குங்க," என்றார் மிராசுதார்.

காருக்குள் படுத்திருப்பவனுக்கு நிலத்தை எழுதிக்கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லாதே! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார்.

அம்சவல்லி குடி போனாள். என்ஜின் இருந்த பள்ளத்தில் அடுப்பு வைத்தாள். சமைக்கும்போது மூடியைத் தூக்கி ஒரு கழியால் முட்டுக் கொடுத்துவிடுவாள், சமைத்து முடித்ததும் சாத்திவிட்டால் பூனை வராது. டிக்கியில் நெல்லும் சட்டிபானையும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாமான் வைக்க இருந்த சின்ன அறையில் மாரியம்மன் படம். சிகரெட் சாம்பலைத் தட்டும் கிண்ணத்தில் குங்குமம். மருதையன் ஸ்டியரிங்கில் கோவணத்தைக் காயப்போடுவான். மறு வருஷம் பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, கூரைக் கைப்பிடிகளில் தூளி கட்டியாயிற்று.

சட்டமும் வந்தது. விவசாயச் சங்கத்துச் செயலாளர் செல்லதுரை மனுக் கொடுக்க, தனித் தாசில்தார் அப்துல் மஜீது விசாரணைக்கு நேரிலேயே வருவதாகச் சொல்லியனுப்பினார். கேள்வி ஒன்றுதான்: இது வீடா, காரா?

செல்லதுரை முதல் நாளே வந்து அம்சவல்லியிடம் மன்றாடினார். "இந்தா பாரு தங்கச்சி. தாசில்தார் எதைக் கேட்டாலும் சௌகரியமா இருக்குன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாதே. குடியிருக்க லாயக்கில்லேன்னு எழுதிட்டார்னா மனை போச்சு. பச்சப் புள்ளையோட எங்க போவே?"

"நான் என்னண்ணே பேசப்போறேன்? வாயத் தொறக்கல போதுமா," என்றாள் அம்சவல்லி. அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு இன்னொருவன் வாசலில் போய் நிற்க முடியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அங்கே வக்கீல் மிராசுதாருக்குப் பாடம் நடத்தினார். "ஓட்டை, ஒடசல், மனுஷன் இருக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தாசில்தார் தரங்கம்பாடிக்காரர், கனத்த சரீரம். விடியற்காலையிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வந்தவர், இறங்கியதும் முதல் காரியமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புசுபுசுவென்று உள்ளே போனார். அப்படியே கண் சொக்கிப்போனார். டவாலி போட்ட சேவகன் தொண்டையைக் கனைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, உனக்கு இங்க சௌகரியமா இருக்கா?"

"சௌகரியம்தாங்க."

"மழைக்கு?"

"சௌகரியம்தாங்க."

"வெயிலுக்கு?"

அம்சவல்லி பல்லைக் கடித்தாள். செல்லதுரை கண்ணாலேயே கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துத் தாசில்தார் காலை நீட்டினார், கால் இடித்தது. "தரையில நடுவுல என்னம்மா இது, மேடு?" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"அப்படிக் கேளுங்க! வீட்டுக்கு நடுவுல எவனாவது வரப்புப் போடுவானா? ராத்திரி இறங்குனா கால் இடறுது. மூக்கு ஒரு முழ நீளம், வாலு ஒரு முழ நீளம், நடுவுல மனுசன் இருக்கற எடம் மட்டும் எலி வளை. சித்திரை மாசம் தகரம் காஞ்சா உள்ள இட்டிலி அவிக்கலாம். சன்னலு இறங்குனா ஏறாது, ஏறுனா இறங்காது. சீட்டு தெக்கு வடக்கா கெடக்கு. வடக்க தல வைக்கக் கூடாது, தெக்க தல வச்சா கதவு கால்ல இடிக்குது. கம்பிச் சுருள் முதுகுல குத்துது. இத உக்கார்றவனுக்குக் கட்டுனானா, ரோட்ல நின்னு பாக்கறவனுக்குக் கட்டுனானா? கட்டுனவன்தான் எங்கயோ இருக்கான். இத போயிக் காசு குடுத்து வாங்கினாரே, அந்த மகராசனுக்குக் கண்ணு இல்லியா?"

செல்லதுரை புளியமரத்தில் சாய்ந்துவிட்டார். வக்கீலின் முகத்தில் பௌர்ணமி. மிராசுதார் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்தது.

மிராசுதாருக்கு முகம் சிவந்தது. "யாருக்குடி கண்ணு இல்ல?" என்றார்.

வக்கீல் அவர் கையைப் பிடித்தார். அவர் உதறிவிட்டார்.

"எங்கப்பாவுக்கா? தாராசுரத்துலேர்ந்து வர்றப்ப மடியில பால் சொம்பு வச்சிருப்பாரு, ஒரு சொட்டு தளும்பாது! கலெக்டர் உக்காந்துட்டு எழுந்திருக்க மனசில்லாம உக்காந்திருந்த சீட்டு! சார், அந்தக் கதவச் சாத்திப் பாருங்க, என்ன சத்தம் பாருங்க. அரமணைக் கதவு சார்! முதுகுல குத்துதாமா? நான் சின்னப் புள்ளையில அடமழையில இதுக்குள்ள படுத்துத் தூங்கியிருக்கேன். இந்தத் தாலுகாவுல எந்த வீட்டுல சார் இந்தச் சொகம் இருக்கு? ரெண்டு குடும்பம் தாராளமா குடியிருக்கலாம்!"

"அப்ப குடியிருக்க லாயக்குதான்," என்றார் தாசில்தார்.

"லாயக்காவா? ராஜா குடியிருக்கலாம்!"

வக்கீல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "சரிங்க, வீடுன்னே வச்சுக்குவோம். அப்ப மனைங்கறது கார் நிக்கற எடம் மட்டும்தானே? டயருக்கு டயர் அளந்து குடுத்துடுங்க," என்றார்.

சர்வேயர் சங்கிலியை எடுத்துக்கொண்டு சக்கரத்தோரம் குனிந்தார். ஒரு பாயை விரித்தால் அடங்கிப்போகிற இடம். அதில் அடுப்பு எங்கே, ஆள் எங்கே? மருதையன் வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றான்.

அம்சவல்லி குழந்தையை அவன் கையில் திணித்தாள். விறுவிறுவென்று போய் நாலு கதவையும் அகலத் திறந்தாள். முன் மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். டிக்கியையும் திறந்தாள். கார் இறக்கை விரித்த கோழி மாதிரி நின்றது.

"இப்ப அளங்கய்யா. கதவத் தொறக்காம எந்த வீட்டுலய்யா குடியிருக்க முடியும்? அடுப்பு முன்னால நான் எங்க நிக்கறது, மிராசுதாரு வயல்லயா?"

தாசில்தாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரியாத்தானே கேக்குது. திறந்த கதவோட அளங்க சர்வேயர். அடுப்புக்கு முன்னாலயும், டிக்கிக்குப் பின்னாலயும் ஆள் புழங்க எடம் விட்டே அளங்க," என்றார்.

வக்கீல் குறுக்கே ஏதோ சொல்லப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. மூலைக்கு ஒரு கல் நட்டார்கள்.

பட்டா வந்த மறுநாளே மிராசுதார் இரண்டு ஜோடி மாட்டோடு வந்துவிட்டார். "மனை உனக்கு. கார் என்னுது. இறங்கு," என்றார். அதுவும் நியாயம்தானே. அம்சவல்லி அடுப்பை எடுத்தாள், படத்தை எடுத்தாள், தூளியை அவிழ்த்தாள். மாடுகள் இழுக்க, கப்பல் கார் முனகிக்கொண்டே திடலை விட்டு இறங்கியது. அது நின்ற இடத்தில் வெளுத்துப்போன புல்லும் நாலு கல்லும்தான் மிச்சம். மேலே கூரைகூட இல்லை. அவள் அந்தப் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மிராசுதார் அங்கேயே நின்று, "பாத்துடா, பாத்து! கதவு இடிக்குது!" என்று மாட்டுக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அம்சவல்லி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் கால் இரண்டும் கல்லுக்கு உள்பக்கம் இருந்தன.

"ஐயா," என்றாள். "கொஞ்சம் அந்தாண்ட நின்னுக்குங்க. இது என் எடம்."

மாட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். மிராசுதார் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுக்கு அந்தப் பக்கம், நடவுக்கு உழுது வைத்திருந்த சேற்றில் இறங்கி நின்றார்.