சேஷாத்ரி சார் குடித்த காபியும் எங்கள் ஸ்கேன் சொன்ன எண்ணும்

மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று ஊசி குத்தாமல் சொல்லிவிடுவோம் என்று தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஸ்கேன் சென்டர் மார்தட்டிக்கொண்டது. மயிலாப்பூரில் குளத்துக்கு நாலு தெரு தள்ளி இருந்தது. நான் அங்கே பிசிசிஸ்ட். எம்.ஆர்.ஐ. மெஷின் தரும் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையைச் செய்ததுதான் நான் செய்த தப்பு.

1. ரெண்டு ஸ்கேன், ரெண்டு எண்

கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாயைப் படம் எடுப்போம். படத்தில் குழாயைச் சுற்றி மவுஸால் ஒரு வட்டம் போட்டால், நிமிஷத்துக்கு இத்தனை மில்லி என்று கம்ப்யூட்டர் தசமப் புள்ளியோடு எண்ணைக் கொடுக்கும். புள்ளி வைத்து வந்த எண் எங்கள் சீஃப் ரேடியாலஜிஸ்டுக்கு வேதவாக்கு.

சேஷாத்ரி சார் தி.நகர் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். வீடு மந்தைவெளி. ஒருநாள் வகுப்பில் பேச்சு குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. இடது கழுத்துக் குழாயில் அடைப்பு. மாத்திரையிலேயே பார்க்கலாம், ரத்த ஓட்டம் குறைந்தால் மட்டும் ஆபரேஷன் என்றார் சர்ஜன். அந்த ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரும் அபாயமும் உண்டு. ஆக, மனுஷன் கத்திக்குப் போவதும் போகாததும் எங்கள் எண்ணைப் பொறுத்தது.

முதல் ஸ்கேனில் எண் நன்றாக இருந்தது. சில மாதம் கழித்து எடுத்த ரெண்டாவது ஸ்கேனில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்திருந்தது. அடைத்த பக்கம் மட்டுமல்ல, நல்ல பக்கமும் அதே அளவு குறைந்திருந்தது. அடைப்பு முற்றியிருந்தால் அந்தப் பக்கம்தானே குறைய வேண்டும்? அதுதான் எனக்கு உறுத்தியது.

2. காபி சாப்பாட்டில் சேர்த்தியா?

வெளியே வந்து கேட்டேன். "சார், காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வெறும் வயித்துலதாம்மா வந்திருக்கேன். உங்க ரிசப்ஷன்ல சொன்னாளே."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கமலா மாமி சேர்த்துக்கொண்டார். "காபி மட்டும் ரெண்டு டம்ளர் குடிச்சார். காபியெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?"

மயிலாப்பூரில் சேர்த்தி இல்லைதான். வெறும் வயிறு என்றால் காபி குடித்த வயிறு என்றுதான் அங்கே அர்த்தம்.

"போன தடவையும் குடிச்சாரா மாமி?"

"அன்னிக்கு ஏகாதசியோன்னோ! பச்சத் தண்ணி பல்லுல படலை. காபி இல்லாம மண்டையப் பொளக்கறதுன்னு வழியெல்லாம் என்னைக் கத்திண்டே வந்தார்."

காபி மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். தினமும் குடிப்பவர் ஒருநாள் விட்டால் அவை விரியும், தலைவலி வருவதும் அதனால்தான். முதல் எண் ஏறின எண், ரெண்டாவது இறங்கின எண். நோய் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம்.

சீஃபிடம் ஓடினேன். "சார், காபி இல்லாம இன்னொரு தடவை எடுக்கணும். இந்த ரெண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது."

"என்னம்மா உளர்றே? காபி குடிச்சா மூளைக்கு ரத்தம் போகாதுன்னா, மயிலாப்பூர்ல பாதிப் பேர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணுமே!"

அறையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் என்னையே மெஷினில் படுக்க வைத்து, காபிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த அளவுகளை மறுநாள் அவர் மேஜையில் வைத்தேன். காபிக்கு அப்புறம் என் எண்ணும் இறங்கியிருந்தது. புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ரிப்பீட் பண்றோம்னு சர்ஜனுக்குத் தெரிஞ்சா மெஷின் மேல இருக்கிற நம்பிக்கையே போயிடும். ரிப்போர்ட் போகட்டும்."

சர்ஜனுக்குப் போன் போட்டேன். "உங்க சீஃப் சைன் பண்ணிட்டாரே மேடம், அப்புறம் என்ன?" என்று அவருடைய உதவி டாக்டர் வைத்துவிட்டார். கமலா மாமியிடமும் சொன்னேன். பாவம், அவர் நேராகச் சீஃபிடமே போய்க் கேட்டார்.

"அந்தப் பொண்ணு மெஷின் பார்க்கிற பொண்ணு மாமி. டாக்டர் இல்ல" என்றார் சீஃப். மாமி டாக்டரை நம்பினார். யார்தான் நம்ப மாட்டார்கள்?

3. போர்டு

ஆபரேஷனில் ரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டது. சேஷாத்ரி சாருக்குப் பேச்சு போய்விட்டது. அவருக்கு ஆபரேஷனே தேவையில்லை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. தேவையா இல்லையா என்று எங்கள் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன்.

மறுபடியும் ஒரு ஸ்கேனுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார் மாமி. ரிசப்ஷனில் புது போர்டு தொங்கியது. 'ஸ்கேனுக்கு வரும் நாளில் காபி, டீ அருந்தக் கூடாது.' என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சீஃப் மாட்டச் சொன்னது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மாமி போர்டின் எதிரே நின்றுவிட்டார். அந்த வழியாக வந்த சீஃபை நிறுத்தினார்.

"இதை எப்போ மாட்டினேள்?"

"அது... புது ப்ரொசீஜர் மாமி. ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

மாமி பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினார். "இவ அன்னிக்கே சொன்னாளே. நீங்கதானே இவ டாக்டர் இல்லேன்னேள்?"

சீஃப் மாமியைப் பார்க்காமல் ரிசப்ஷன் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு இன்னிக்கு சார்ஜ் போட வேண்டாம்."

மாமி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். "வாங்கோன்னா, ஆத்துக்குப் போகலாம். இவா அளந்தது போறும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஒரே ஆளை ரெண்டு தடவை அளந்து பாருங்கள். எண் மாறினால், நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் அளவைச் சந்தேகப்படுங்கள். மாறுகிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்களா என்கிறீர்களா? கேட்பார்கள். நான் சொன்னதையும் கேட்டு போர்டு மாட்டினார்களே! அதை வாய்விட்டுப் படிக்க சேஷாத்ரி சாரால்தான் முடியவில்லை.