வலப்பக்கம் ஓடாத தேர்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் அடக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தாய்மாமா திருவிழா விளக்கலங்காரத்துக்குச் சீரியல் செட் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு ரோட்டோரம் நிறுத்தும் பெரிய விளக்குப் பலகைக்கு அந்த வருஷம் நான்தான் புரோகிராம் எழுதினேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

பலகையின் சின்ன சிப்புக்கு அசெம்பிளி என்ற கணினி மொழியில்தான் எழுத வேண்டும். மேலிருந்து கீழாக நிற்கும் ஒவ்வொரு விளக்கு வரிசைக்கும் மெமரியில் ஓர் இடம். அதில் இருப்பதைப் பக்கத்து இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டே போனால் படம் நகரும். மாமாவின் பழைய புரோகிராம் எல்லாவற்றையும் இடப்பக்கம் ஓட்டும். ஆனால் அம்மன் தேர் வலமாகத்தானே போக வேண்டும்? இடப்பக்கம் போனால் ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா! திசையை மட்டும் மாற்றினேன். எந்த பல்பாவது பழுதா என்று பார்க்க எல்லா விளக்கையும் எரியவிட்டு ஓட்டுவதுதான் கடை வழக்கம். அப்படியே பார்த்தோம். ஒரு விளக்கும் அணையவில்லை, சரியென்று மூட்டை கட்டிவிட்டோம்.

சுவிட்சைப் போட மாமா என் அம்மாவைக் கூப்பிட்டார். அப்பா போன பிறகு அம்மாவை எந்த நல்ல காரியத்திலும் யாரும் முன்னால் நிற்க விட்டதில்லை. "எங்கக்கா கையாலதான் லைட்டு எரியணும்" என்று பெரியவர்களிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியிருந்தார். அம்மா பெட்டியின் அடியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கோ, சுவிட்சு என் கைக்கு வரவில்லையே என்று வயிற்றெரிச்சல்.

விளக்கு வைக்கும் நேரம். அம்மா சுவிட்சைப் போட்டாள். தேர் ஜொலித்தது, பெண்கள் குலவையிட்டார்கள். நகர வேண்டிய நொடியில் பலகை முழுக்க இருண்டது. மேளம் நின்றுபோனது.

"சாமி முன்னாடி இப்படி இருட்டாயிடுச்சே. கை வெச்சது யாருன்னு பாருங்க" என்றது கூட்டத்தில் ஒரு கிழக்குரல். அம்மாவின் விரல் இன்னும் சுவிட்சிலேயே இருந்தது.

மாமா மைக்கைப் பிடுங்கினார். "ஏங்க, யாரும் ஒண்ணும் பேசாதீங்க! எங்கக்கா சரியாத்தான் போட்டாங்க. புரோகிராம் தப்புங்க. எழுதுனது அவங்க பொண்ணு, தா நிக்குது பாருங்க. பாக்காம வுட்டது நானு. ரெண்டு முட்டாளுங்க சேந்து பண்ண வேலை!"

ஊரே கொல்லென்று சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

மாமாவின் வண்டி சீட்டில் லேப்டாப்பை வைத்து, அழுதுகொண்டே பார்த்தேன். படத்தின் இடது ஓரம் வெறும் இருட்டு. அந்த இருட்டை அடுத்த இடத்தில் எழுதி, அங்கிருந்த படத்தை அழித்து, அதே இருட்டை எடுத்து அதற்கடுத்த இடத்திலும் எழுதியிருக்கிறேன். கடையில் எல்லா விளக்கும் எரிந்ததால் வெளிச்சத்தின் மேல் வெளிச்சத்தையே எழுதி, தப்பு தெரியாமல் போயிருக்கிறது. பஸ் சீட்டில் எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்கார வேண்டுமென்றால் காலியிடத்தை ஒட்டிய கடைசி ஆள்தானே முதலில் நகர வேண்டும்? கடைசியிலிருந்து நகலெடுக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். மாமா சிப்பில் ஏற்றினார்.

"அக்கா, நீயே போடு" என்றார். தேர் வலப்பக்கம் போனதாம். நான் தலை நிமிரவில்லை.

பிறகு பள்ளியில் என் பெயர் 'கரண்ட் கட்'. மைக்கில் மானத்தை வாங்கிவிட்டாரே என்று பொங்கல் வரை மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் குனிந்து நின்றதால், என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை முகங்களும் அதற்கு முந்தின நொடி யாரை முறைத்துக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை.

அன்று வீடு திரும்பியதும் அம்மா பச்சைப் புடவையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. தினமும் கட்டும் புடவைகளோடு கொடியில் போட்டாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.