பாகாலா ஜங்ஷனில் என் வாயும் அவள் சாம்பாரும்

சாப்பாட்டுக் கடைக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். திறக்கிற உரிமை இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஓட்டல் நடத்தி நொந்தவர்களே, இது தெரியாமல் பாகாலா ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டவன் நான். மூட்டை தூக்கி, சந்தையில் பேரம் பேசி முன்னுக்கு வந்தவன். சமையல் என் சம்சாரம் மங்கம்மா, பரிமாறுவது அவள் தம்பி கோவிந்தன், கத்துவது நான். ஒருநாள் மங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு ஆளு உங்க வாய்க்கு பயந்து எழுந்து போனா, அடுப்புல தண்ணி ஊத்திட்டு நகரியில எங்கம்மா வீட்டுக்கு ரயிலேறிடுவேன்." அவள் போனால் கடை ஏது?

ரசம்

வேலூர் ஜவுளிக்காரர் ஒருவர் ரசத்தில் கை வைத்துத் துள்ளினார். "துன்னு முடிக்கறதுக்குள்ள ரயிலுக்கு மணியடிக்கட்டும்னே கொதிக்கக் கொதிக்க ஊத்துறீங்களா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சமையலறை வாசலில் மங்கம்மா நிற்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு விசிறியை எடுத்து அவர் இலைக்கு விசிறினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ரசம் ஆறிப்போச்சு அண்ணே, உங்க மூஞ்சிதான் இன்னும் கொதிச்சிக்கினு இருக்குது."

கீரைக்காரி

கடையில் அடக்கியது வேறெங்காவது வெடிக்க வேண்டாமா? புத்தலப்பட்டிலிருந்து கீரை கொண்டுவருகிற அம்மாள் கிடைத்தாள். தெருவே கேட்கும்படி கத்தி, காலணாவுக்கு ஒரு கட்டு அதிகம் வாங்கினேன். தினமும் சிரித்த முகத்தோடே கொடுத்தாள். எனக்கு ஒரே பெருமை.

"உனக்குக் கோபமே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு அண்ணய்யா? நீங்க எவ்ளோ கத்துறீங்களோ, மங்கம்மா பின்வாசல்ல அவ்ளோ சோறு போடுது. இன்னிக்கு இன்னும் கொஞ்சம் கத்துங்க."

மொட்டை

சித்தூர் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர், முறுக்கு மீசையும் குடுமியுமாகத் திருப்பதிக்குப் போகிறவர், "சாம்பார்ல பருப்பைத் தேட லாந்தர் வேணும்" என்றார். என் சம்சாரத்தின் சாம்பாரை! "இனி இந்தப் பக்கம் வந்தா உனக்கு இலை கிடையாது" என்று விரட்டிவிட்டேன். அவர்தான் சாப்பிட்டு முடித்துவிட்டாரே, இது கணக்கில் சேராது என்று மங்கம்மாவிடம் பேரம் பேசினேன். அவள் புடவைகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மொட்டைத்தலை, சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. மங்கம்மா பார்க்கட்டும் என்று, "வாங்க சாமி!" என்று நானே இலை போட்டேன். நெய்யை ஊற்றினேன். இரண்டாந்தரம் சோற்றைக் குவித்தேன். மீசையும் குடுமியும் இல்லாத அந்த முகம் எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் சொன்னார்: "முடியோட வந்தப்போ இலை கிடையாதுன்னீங்க, மொட்டையா வந்தா நெய்யா ஊத்துறீங்க. வேண்டிக்கினது நானு, பலிச்சது உங்களுக்கா, முதலாளி?"

புது ஏற்பாடு

மங்கம்மா சிரித்த சிரிப்பில் மூட்டை அவிழ்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சமைத்து இறக்கியதும் அவள் பந்திக்கு, நான் ஆட்டுக்கல்லுக்கு. பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.

முதல் நாளே வாடிக்கைக்காரர் ஒருவர் சொன்னது பின்கட்டில் அரைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது: "அந்தக் கத்துற ஆளு ஊர்ல இல்லியாம்மா? சட்னி இன்னிக்கு வெண்ணெயாட்டம் மசிஞ்சிருக்குதே!"

கோபத்தைத் தேங்காயோடு சேர்த்து அரைத்துவிட்டால் கடையும் நடக்கும், சம்சாரமும் தங்கும் என்பதுதான் அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் நான் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்.