முயல்கால் சுடவில்லை

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேருமுன் ஆலிவ் தாக்ரே கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவள். புளுகும் பழைய மீனும் மோப்பத்திலேயே தெரிந்துவிடும் என்பாள். லிங்கன்ஷயர் விமானத்தளத்தில், குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் குழுக்களை விசாரிப்பது இப்போது அவள் வேலை. ரம் கலந்த தேநீரைக் கொடுத்து, "என்ன பாத்தீங்க?" என்பாள். யார் வாயிலும் வார்த்தையைத் திணிக்கமாட்டாள்.

அன்று விடிந்திருந்தது. வால் துப்பாக்கிக்காரன் ஆல்வின் பின்னக், ஜமைக்காவிலிருந்து வந்தவன், தேநீரைத் தொடவில்லை.

"ஒரு ஜெர்மன் விமானத்த சுட்டுட்டேன் மேடம். இடது இறக்கை பிஞ்சு ஏரிக்குள்ள விழுந்துச்சு."

அவன் குழுவில் வேறு யாருக்கும் பின்பக்கம் தெரிந்திருக்காது. மற்றொரு குழு தானாகப் பார்த்துச் சொன்னால்தான் அவன் வீழ்த்தியதாக அது பதிவாகும்.

மேலதிகாரி ஹார்கிரீவ் சிரித்தார். "தீவுக்காரங்களுக்குக் கற்பனை ஜாஸ்தி. அந்த வரிய அடிச்சிடும்மா."

"போன வாரம் யார்க்‌ஷயர் பையன் இதையே சொன்னப்ப முதுகுல தட்டிக் கொடுத்தீங்களே சார்? வெள்ளைத் தோலுக்குக் கண்ணு கூடுதலாத் தெரியுமோ?"

"விடுங்க மேடம், பழகிப்போச்சு" என்றான் பின்னக்.

"எனக்குப் பழகல."

திரும்பி வந்த மற்ற குழுக்கள் எதுவும் அதைப் பார்த்திருக்கவில்லை. திரும்பாதது ஒரே ஒரு குழு, கனடாக்காரன் கோல்பர்னுடையது. அவர்களை எல்லோரும் மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அப்போது வெளியே இருமிக்கொண்டே ஓர் இஞ்சின் சத்தம். அறையே ஓடியது. ஏழு பேரும் உயிரோடு இறங்கினார்கள்! சமையற்காரி கரண்டியோடு வந்து கட்டிக்கொண்டாள்.

"எங்க பங்கு முட்டையத் தின்னு தீத்துட்டீங்களாடா பாவிகளா?" என்று கத்திக்கொண்டே மேசைக்கு வந்தான் கோல்பர்ன்.

ஹார்கிரீவ் முந்திக்கொண்டார். "ஏரிக்கிட்ட ஏதாவது..."

ஆலிவ் அவர் கையில் ஒரு குவளையைத் திணித்தாள். "டீ குடிங்க சார். நீங்களே சொல்லிக் குடுத்தா அது சாட்சியில்ல." பிறகு திரும்பினாள். "என்ன பாத்தீங்க?"

"ஒருத்தன் பின்னாலயே வந்து எங்க இஞ்சினைக் காலி பண்ணிட்டான் மேடம். செத்தோம்னு நெனச்சேன். பக்கத்து விமானத்தோட வால்லேர்ந்து சரமாரியா சுட்டாங்க. அவன் ஏரியில விழுந்தான். எல்லாம் என் முயல்கால் தாயத்து மகிமை!"

"எந்த இறக்கை போச்சு?"

"இடது."

"முயல் எந்தக் காலத்துலடா துப்பாக்கி சுட்டுச்சு? உன்னைக் காப்பாத்தினவன் அதோ நிக்கிறான். பேரு பின்னக்."

கோல்பர்ன் குழு அவனை அலாக்காகத் தூக்கியது. ஹார்கிரீவ் அசடு வழிய வாழ்த்த வந்தார்.

தோள்களின்மேல் உட்கார்ந்தபடி பின்னக் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாழ்த்து அப்புறம் சார். முதல்ல அறிக்கையில கையெழுத்தப் போடுங்க."