மணி போடாத நோட்டீஸ்

மற்ற ஊர்களில் மணி பார்ப்பார்கள். எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஷிப்ட் பார்ப்போம். கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதுகூட ஷிப்ட் கணக்கில்தான். அந்தப் பழக்கத்தில், மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் முகாமுக்கு நான் எழுதிய நோட்டீசில், 'முதல் ஷிப்ட் விடுவதற்குள் வரவும்' என்று போட்டுவிட்டேன்.

மாவட்ட அலுவலகம் டாக்டரையும் முத்திரையையும் அனுப்பும். ஹாலும் டீயும் கிராமங்களுக்குப் போய்ச் சொல்வதும் எங்கள் மகளிர் சங்கத்தின் பொறுப்பு. டவுன்ஷிப்காரர்களுக்கு முதல் ஷிப்ட் விடுவது இரண்டு மணிக்கு; முகாமும் அதோடு முடிந்தது. இரண்டரைக்கு அரசு வேன் கிளம்பும் நேரத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பத்து வயது மகளை இடுப்பில் சுமந்தபடி வந்தாள். பெண்ணுக்கு நடக்க வராது. சான்றிதழ் இருந்தால்தான் சக்கர நாற்காலி தருவார்கள். ஐந்தாவது வரை உள்ளூர்ப் பள்ளிக்குத் தூக்கிப் போனவள், ஆறாவதுக்கு அடுத்த ஊர்வரை எப்படித் தூக்குவாள்? நாற்காலி இல்லையென்றால் படிப்பு அதோடு நின்றுவிடும்.

"அரை மணி முன்னாடியே வந்துட்டோம்ங்க," என்றாள் சந்தோஷமாக. அவள் கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். அவருக்கு முதல் ஷிப்ட் விடுவது மூன்று மணிக்கு.

எனக்கு அது உறைக்கவில்லை. அரசாங்க ஆட்கள் என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மணி அடிச்சா போதும், கிளம்பிடுவீங்களா?" என்று வேனில் இருந்த அதிகாரியம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நோட்டீசை வாங்கிப் படித்தார்.

"இதுல மணியே போடலியேம்மா. யார் ஷிப்டுன்னு அவங்க கண்டாங்களா?"

அவர் டாக்டரை இறங்கச் சொன்னார். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்தார்கள். ஹாலைப் பூட்டிய அவசரத்தில் சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன், அதுவும் நான்தான். வாசல் பெஞ்சிலேயே பெண்ணைப் பரிசோதித்தார்கள். சான்றிதழில் முத்திரை விழுந்ததும் அப்பாடா என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரியம்மாவுக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனேன்.

ஜூன் மாதம் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். மகள் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனாள். தாய் வெறும் கையோடு வெளியே நின்றாள்.

"இப்பதாங்க இடுப்பு வலிக்குது," என்றாள் என்னிடம். "இம்மாம் நாளா தூக்கிக்கினே இருந்தேனா, வலி தெரியல."