பக்கத்து ஆசனத்தின் சாட்சி

சாரதி வாயைத் திறந்ததும் ஜெமீல் நானா உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "நீங்க இருங்க. பக்கத்தில இருந்த ஆள் சொல்லட்டும்." பிறகு கண்ணை மூடிக்கொள்வார். சீனன்குடாச் சந்திக்குக் கிட்ட, அவருடைய வேப்பமரத்தடிக்கு வந்து சேரும் எந்த வண்டிக்கும் இதுதான் முதல் வைத்தியம். ஓட்டினவன் தன் பிழையை மறைத்துத்தான் கதை சொல்லுவானாம். பக்கத்தில் இருந்தவருக்கு மறைக்க ஒன்றுமில்லையாம்.

கந்தளாய் லொறிக்கார இராசையா ஒருமுறை தனியாக வந்து அகப்பட்டுக்கொண்டார்.

"ஆரோட வந்தனீங்க?"

"மரக்கறிக்காரி ஒருத்தி ஏறி வந்தவ. சந்தையில இறங்கீட்டா."

"போய்க் கூட்டிக்கொண்டு வாங்க."

இராசையா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, நடந்து போய், கத்தரிக்காய்க் கடகத்தோடு அந்த மனுசியைக் கூட்டி வந்தார். "பள்ளத்தில விழுந்த நேரம் பின்னுக்குக் கிணுகிணு எண்டது. அண்ணன் பாட்டுப் படிச்சபடியா அவருக்குக் கேட்கேல்ல," என்றாளாம் அவள். நானாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஐம்பதை எட்டும் வயது. குறிஞ்சாக்கேணியிலிருந்து காலையில் துறையைக் கடந்து வருவார். சாரத்துக்கு மேலே ஒரு காக்கிச் சட்டை. வெள்ளைக்காரர் விமானத்தளத்தை ஒப்படைத்துப் போன நாளில் கிடைத்தது அது. எவனோ ஒரு துரையின் பெயர் அதன் நெஞ்சில் நூலால் இன்னும் அழியாமல் இருக்கிறது. மற்றவர்கள் பென்சில் செருகும் காதோரத்தில் இவருக்கு ஒரு சின்ன ஸ்குரூட்ரைவர். காதுகள் பெரியவை.

அந்த உள்ளங்கை அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில், ஒரு மத்தியான வெயிலில், யோகலிங்கத்தின் முகத்துக்கு நேரே உயர்ந்தது.

யோகலிங்கம் மலாயாவில் பிறந்தவர். கோலாலம்பூரில் ரயில்வேக் கிளாக்கர். இலங்கை அவருக்குத் தகப்பன் சொன்ன கதை மட்டுந்தான். காலடி வைத்தது இதுவே முதல் தடவை. கொழும்பில் ஒன்றுவிட்ட தமையனின் சாம்பல் நிறக் காரை இரவல் வாங்கி, மனைவி கமலாதேவியை நிலாவெளியில் அவளுடைய அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். கலியாணத்துக்காகக் கப்பலேறிய பிறகு, எட்டு வருடத்தில் அவள் ஊருக்கு வருவது இதுதான் முதல். ஹபரணை தாண்டியபின் கார் மூன்று தரம் நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் வார்த்தார், கடைசிக் கைலேஞ்சியையும் கறுப்பாக்கினார். நான்காம் தரம் நின்ற இடத்திலிருந்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து வேம்பின் கீழ் விட்டார்கள்.

கார் மட்டுந்தான் அவருடைய கவலை என்றில்லை. திரும்புகிற கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மனைவியின் பெட்டியில் இருபத்துமூன்று சேலை இருந்தது. அவள் அக்காவோடேயே தங்கிவிடுவாளோ என்ற பயம் கொழும்பிலிருந்து அவரோடு கூடவே வந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"சொல்லுங்க தங்கச்சி," என்றார் ஜெமீல், கண்ணை மூடி.

"நானா," என்று தொடங்கினாள் கமலாதேவி.

யோகலிங்கத்துக்கு அந்த ஒரு சொல்லிலேயே நெஞ்சு எரிந்தது. இறங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அண்ணன் முறை! கோலாலம்பூரில் பக்கத்து வீட்டாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவே அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

"சாவியைத் திருப்பினவுடன என்ர காலடிக்கு முன்னால டிக் டிக் எண்டு கேட்கும் நானா, மணிக்கூடு மாதிரி. கொழும்பில நல்லாக் கேட்டது. ஹபரணைக்குப் பிறகு விட்டு விட்டுத்தான். இப்ப ஒண்டையும் காணேல்ல."

"பிறகு?"

"மேட்டில ஏறேக்க இழுபடும்."

"பிறகு?"

"மேட்டில இவர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருப்பார்."

"அது என்ர வேலைக்குள்ள வராது தங்கச்சி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. "இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல நீர்?"

"நீங்கள் கேட்கேல்லையே. மைல்கல்லெல்லோ வாசிச்சுக்கொண்டு வந்தனீங்கள்."

உண்மைதான். புது றோட்டில் தைரியத்துக்காக ஒவ்வொரு கல்லையும் அவர் உரத்து வாசித்தார். ஆனால் அவரைச் சுட்டது அந்தச் சிரிப்புமல்ல, பதிலுமல்ல. மூடியிருந்த அந்தக் கண்கள்தான். தன் மனைவியின் பேச்சை ஒரு மனிதன் இப்படி, ஒரு சொல்லும் சிந்தாமல், வாங்கிக்கொண்டு நிற்பதா? குறை தேடினார். வெற்றிலைக் காவி, கிழிந்த முழங்கை, சட்டையில் இரவல் பெயர். ஒன்றும் உதவவில்லை. அந்தப் பெரிய காதுகள்மேல்கூட அவருக்குப் பொறாமை வந்தது.

நானா காரின் முன்மூடி பொனற்றைத் தூக்கினார். அவள் காலடிக்கு நேரே, எஞ்சினுக்குப் பின்னால் தகரச் சுவரில் பூட்டியிருந்த பெற்றோல் பம்பை ஸ்குரூட்ரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். மூடியைக் கழற்றி, உள்ளே கரி பிடித்திருந்த முனையை நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தால் மெல்லத் தேய்த்தார். "திருப்புங்க ஐயா." டிக், டிக், டிக். எட்டு மணித்தியாலமாகத் தன் காதுக்கு எட்டாத சத்தத்தை யோகலிங்கம் அப்போதுதான் கேட்டார்.

கார் உறுமியது. நானா கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். "வேற என்னவும் இருக்கா தங்கச்சி? மனசில வெச்சிருக்காமச் சொல்லிப்போடுங்க."

கமலாதேவியின் உதடு பிரிந்தது. கணவனை ஒருதரம் பார்த்தாள். "வேறொண்டுமில்லை நானா."

ஜெமீல் கண்ணைத் திறந்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக, சாரதியை நேராகப் பார்த்தார். "மிச்சத்தை நீங்க கேளுங்க ஐயா," என்றுவிட்டு, காதோரத்தில் ஸ்குரூட்ரைவரைச் செருகிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

உட்துறைமுகத்தின் தண்ணீர் ஓடும் காருக்குப் பக்கத்திலே மினுங்கிக்கொண்டு வந்தது. யோகலிங்கம் மைல்கல் வாசிக்கவில்லை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஒரு மரநிழலைக் கண்டு ஓரங்கட்டினார்.

"என்ன, திரும்பவும் நிண்டிட்டுதோ?"

"இல்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். டிக் டிக்கும் அடங்கியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, இடப்பக்கமாக அவளை நோக்கிச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லும்."