பெரில் ஆக்ராய்டின் அமெரிக்க ஆட்டம்

பெரிலின் வாழ்க்கைக்குள் அமெரிக்கா ஒரு நீலக் கால்சட்டையாகத்தான் முதலில் நுழைந்தது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹேக்தார்ப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். ஆண்களுக்குக் கால்சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. சினிமாவில் பார்த்த ஜீன்ஸ் மாதிரி ஒன்று வேண்டுமென்று தடித்த துணி வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வைக்காரியின் கண்ணில் படாமல் தைத்து முடித்தாள். சனிக்கிழமை மாலை அதை மாட்டிக்கொண்டு நடன மண்டபத்துக்குக் கிளம்பினால், வாசலில் அப்பா.

"என்னடி வேஷம் இது?"

"ஜீன்ஸ்ப்பா. அமெரிக்காவுல எல்லாப் பொண்ணுங்களும் போடுறாங்க."

"அப்ப அமெரிக்காவுக்கே போய்க்கோ. என் வீட்டுல பாவாடைதான்."

பாவாடைக்கு மாறிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அடுப்புச் சாம்பலில் அந்தக் கால்சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் மட்டும் மினுங்கின. பெரில் அழவில்லை. அடுத்த சனிக்கிழமை அண்ணனின் சுரங்கக் கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்து மாட்டிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இதையும் எரிச்சீங்கன்னா, திங்கக்கிழமை அண்ணன் ஜட்டியோடதான் சுரங்கத்துல இறங்கணும்."

அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா முறைத்தாரா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அதே மண்டபத்தில்தான் கிளிஃபைப் பார்த்தாள். சுரங்கத் தொழிலாளி. ஊரின் பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதுபவன். பேச்சு குறைவு, ஆட்டம் சுத்தமாக வராது. ஆனாலும் அவளைச் சுழற்றிவிட்டுக் கீழே விழாமல் பிடிக்கத் தெரிந்திருந்தது. கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், பெரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்டமெல்லாம் மறந்துபோனது.

பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஒரு வருஷம் முழுக்க ஊரில் சம்பளமில்லை. ஆண்கள் கூடிக் குடிக்கும் தொழிலாளர் கிளப்பின் சமையலறையைப் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்கே சோறு போட்டார்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெரிலை யாரோ ஒரு நாள் மேடையில் ஏற்றிவிட, அவள் மைக்கைப் பிடித்துப் பேசினாள். அதன்பின் ஷெஃபீல்டு, லீட்ஸ் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. ஆண்கள் வாத்தியக் குழு முன்னே போக, தலை நிமிர்ந்து சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். பெண்கள் சமையலறையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் கிளப்பில் அவர்கள் பழையபடி 'துணை உறுப்பினர்'கள்தான். வரலாம், குடிக்கலாம், விழா என்றால் ரொட்டி வெட்டலாம். கூட்டத்தில் உட்காரக் கூடாது, வாக்கும் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஆண்கள் பகலிலேயே கிளப்புக்கு வந்து, ஒரே கிளாஸை மணிக்கணக்காக வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் பெரிலின் சிநேகிதி நோர்மா கடற்கரை விடுமுறை முகாமுக்குப் போய் வந்தாள். கணவனைப் பறிகொடுத்தவள், பார்த்தால் பரிதாபமாக இருப்பாள். இப்போது கன்னம் சிவக்கத் திரும்பி வந்து, சமையல் மேடைமேல் ஒரு கேசட்டை வைத்தாள்.

"கவ்பாய் ஆட்டம்டி பெரில். எல்லாரும் வரிசையா நின்னு ஆடணும். பெரிய விஷயம் என்ன தெரியுமா? ஜோடி வேண்டாம். எவனாவது ஒரு ஆம்பளை வந்து 'ஆடலாமா'ன்னு கேக்குற வரைக்கும் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்."

பெரிலுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கிளப்பின் மாடி மண்டபம் வியாழக்கிழமைகளில் சும்மா கிடந்தது. பெரில் கேட்டாள், கொடுத்தார்கள். முதல் வாரம் நாலைந்து பேர், குளிர்காலம் முடிவதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. விதவைகள், விவாகரத்தானவர்கள், புருஷன் சோபாவைவிட்டு எழாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். சந்தையில் கவ்பாய் தொப்பி வாங்கினார்கள். பெரில் மட்டும் அசல் தோல் பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே பேருந்தில் வேலைக்குப் போனாள். பள்ளிப் பிள்ளைகள் பின்னால் வந்து துப்பாக்கி சுடுவதுபோல் சத்தமெழுப்பினால், அவளும் திரும்பி விரலால் சுடுவாள்.

கிளப் செயலாளர் வில்ஃப் ஸ்டெட்டுக்கு இது பிடிக்கவில்லை. வில்ஃப் கெட்டவனில்லை. பெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவன், தொழிற்சங்கத்தில் முன்வரிசையில் நின்றவன். ஒரு வியாழன் மாலை மண்டபத்து வாசலில் வந்து நின்று, பாட்டை நிறுத்தச் சொன்னான்.

"பெரில், கமிட்டியில பேச்சு வந்திருக்கு. இந்த அமெரிக்கக் கூத்து இனி வேண்டாம்னு நினைக்கிறோம்."

"ஏன், சத்தமா இருக்கா?"

"சத்தம் இல்ல. நீயே பாரு, கூட்டுறவுக் கடை இருந்த இடத்துல பர்கர் விக்கிறான். அக்டோபர் கடைசியில பசங்க பேய் வேஷம் போட்டுக்கிட்டு வந்து மிட்டாய் குடுன்னு மிரட்டுது. என் பேரன் டிவியில வர்றவன் மாதிரி மூக்கால பேசுறான். சுரங்கம் போச்சு. நம்மதுன்னு சொல்லிக்க இந்தக் கட்டடம்தான் மிச்சம். அதுலயும் கவ்பாயா?"

அவன் குரல் உடைந்ததைப் பெரில் கவனித்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் தொப்பிகளோடு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

"வில்ஃப், கொஞ்சம் குனிஞ்சு உன் கால்ல என்ன போட்டிருக்கேன்னு பாரு."

அவன் பார்த்தான். ஜீன்ஸ்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில கவ்பாய் படம் வந்தா கதவைத் தட்டினாக்கூட நீ திறக்க மாட்டேன்னு உன் பொண்டாட்டியே சொல்றா. உனக்கு வந்தா அது பொழுதுபோக்கு, எங்களுக்கு வந்தா மட்டும் ஊர் மானமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. வில்ஃபின் காது சிவந்தது. "கமிட்டி முடிவு பண்ணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"நானும் வந்து பேசறேன்" என்றாள் பெரில்.

"துணை உறுப்பினருக்குக் கூட்டத்துல இடமில்லன்னு உனக்குத் தெரியாதா?" என்று படியிலிருந்தே பதில் வந்தது.

கமிட்டி கூடியது அடுத்த வியாழன், மாடி மண்டபத்துக்கு நேர் கீழே உள்ள அறையில். பெரில் உள்ளே போக முயலவில்லை. மாடியில் பெண்களை நெருக்கமாக நிறுத்தினாள்.

"நம்ம பேச்சைக் கேக்க மாட்டாங்களாம். காலாவது பேசட்டும். குதிகாலை நல்லா ஊனி மிதிங்க."

பாட்டு தொடங்கியது. பலகைத் தரை அதிர்ந்தது. கீழே வில்ஃப் தீர்மானத்தை வாசிக்க வாய் திறக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் இடி இடித்தது. கத்தி வாசித்தான். மேலே இன்னும் பலமாக மிதித்தார்கள். விதானத்துக் காரை பெயர்ந்து கமிட்டித் தலைவரின் பியரில் விழுந்ததாக ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தீர்மானம் என்னவோ நிறைவேறியது. மறுநாளே மண்டபத்துக்குப் புதுப் பூட்டு தொங்கியது.

அடுத்த வியாழன் மழை. பெண்கள் பூட்டைப் பார்த்தார்கள், பெரிலைப் பார்த்தார்கள்.

"வண்டி நிறுத்துற இடத்துக்குப் பூட்டு இல்லையே" என்றாள் பெரில்.

பாட்டுப் பெட்டியைக் குடைக்கடியில் வைத்து, கிளப்பின் ஜன்னல்களுக்கு நேர் எதிரே ஆடினார்கள். தொப்பி விளிம்புகளில் தண்ணீர் வழிந்தது. உள்ளே ஆண்கள் திரையை இழுத்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் ஒவ்வொரு திரையும் ஓரத்தில் கொஞ்சம் விலகியது.

வீட்டில் கிளிஃப் அவளுக்காகக் காத்திருந்தான்.

"ஊரே சிரிக்குது பெரில். வாத்தியக் குழுவுல என் முகத்தைப் பாத்து குதிரை மாதிரி கனைக்கிறாங்க. வில்ஃப் நம்ம ஆளு. அவனோட போய் இப்படி மல்லுக்கு நிக்கணுமா?"

பெரில் ஈரத் தொப்பியை மேசைமேல் வைத்தாள்.

"நீ மறியல்ல நின்னப்ப நாடே சிரிச்சுது கிளிஃப். பத்திரிகையெல்லாம் உன்னை ரவுடின்னு எழுதுச்சு. நான் உன்னை வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேனா? விடியக்காலையில சூப்பு எடுத்துக்கிட்டு வந்து உன் பக்கத்துல நின்னேன். என் கால்ல பூட்ஸ் ஏறினதும் உனக்கு மானம் போயிடுச்சா?"

கிளிஃப் எழுந்துபோய் டீ போட்டான். அவளுக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம் பெண்கள் கூடியபோது வண்டி நிறுத்துமிடத்து விளக்குகளை யாரோ அணைத்திருந்தார்கள். இருட்டில் ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கார் உள்ளே வந்து, திரும்பி நின்று, முன்விளக்குகளை முழுசாக எரியவிட்டது. கிளிஃப். இறங்கவில்லை, கையசைக்கவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரில் அடுத்த அடி எதுவென்று ஒரு கணம் மறந்துபோய், "என்னடி முழிக்கிறே?" என்று நோர்மாவிடம் திட்டு வாங்கினாள்.

குளிர் கடுமையானதும் மெதடிஸ்ட் தேவாலயத்தார் தங்கள் கூடத்தைக் கொடுத்தார்கள். அங்கே மது கூடாது, டீதான். யாரும் குறைப்படவில்லை. கிளப்பில்தான் வியாழக்கிழமைகள் செத்துப்போயின. சிரிப்பதற்குக்கூட ஆளில்லாமல் ஆண்களுக்கே சலித்துவிட்டது. வசந்தத்தில் வில்ஃப் தேவாலயக் கூடத்துக்கு வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"சரி. திரும்பி வாங்க. பூட்டை எடுத்துட்டேன்."

"வர்றோம். எங்களையும் முழு உறுப்பினரா சேர்த்துக்கோ. வாக்கோட."

"அது... விதியில இல்லையே பெரில்."

"விதி என்ன வானத்துலேருந்தா விழுந்துச்சு? உங்க அப்பாவும் எங்க அப்பாவும் எழுதினது. மாத்து."

"ஆட்டத்தைப் பத்தித்தானே பேச்சு?"

"நீ அமெரிக்காவைப் பத்தின பேச்சுன்னே. நான் அப்பவே நம்பல."

கிளப்பில் வாக்கெடுப்பு நடந்தது. கை தூக்கினவர்கள் கொஞ்சம் பேர், அதில் கிளிஃப் முதல் ஆள். தோற்றது. பெரில் தேவாலயக் கூடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள். மறு வருஷமும் கேட்டாள், அப்போதும் தோற்றது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரொட்டி வெட்ட ஆள் கேட்டு வில்ஃப் சொல்லியனுப்பியபோது, "முழு உறுப்பினருங்களை வெட்டச் சொல்லு" என்று பதில் போனது. அந்த வருஷ விருந்தின் ரொட்டித் துண்டுகளைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். மூன்றாம் முறை நிறைவேறியது. வில்ஃப் கை தூக்கவில்லை. ஆனால் முடிவை அவனே எழுந்து நின்று தெளிவாக வாசித்தான். பெரில் அதைப் பாராட்டினாள். அடுத்த தேர்தலில் கமிட்டிக்கே வந்து அவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் சாகும்வரை அவர்கள் இருவரும் ஒருமுறைகூட ஒரே பக்கம் வாக்களித்ததில்லை. அவன் சவ ஊர்வலத்தில் வாத்தியக் குழு ஊதிக்கொண்டு போக, பெரில் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் பின்னால் நடந்தாள்.

இன்றைக்கு அவளுக்கு இடுப்பெலும்பு மாற்றியாகிவிட்டது. மாடி மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் தரையைத் தட்டி ஆட்டம் சொல்லித் தருகிறாள். போன கோடையில் நோர்மாவின் பேத்தி தன் புதுக் கணவனைக் கூட்டிவந்தாள். டெக்சாஸ்காரன், ஆறடிக்கு மேல், மரியாதையான பையன். ஒரு பாட்டு முழுக்கப் பொறுமையாகப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. எங்க ஊர்ல இந்த இடத்துல நேரா திரும்பிடுவோம். நீங்க திடீர்னு முழங்காலை மடக்கி ஒரு இறங்கு இறங்குறீங்களே, அப்படி ஒரு அடியே கிடையாது."

"அதுக்குப் பேரு கூண்டு. சுரங்கத்துல ஆளுங்களை ஏத்திக்கிட்டுக் கூண்டு கீழ இறங்குறப்ப வயிறு மேல வரும்னு என் புருஷன் சொல்லுவான். அதை நான் சேர்த்தேன்."

"ஆனா அசல் ஆட்டத்துல..."

"தம்பி" என்றாள் பெரில், "உங்க ஊர் ஆட்டத்தை உங்க ஊர்ல வெச்சுக்கோ. இது ஹேக்தார்ப் ஆட்டம். தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு போய் கடைசி வரிசையில நில்லு."

அவன் போய் நின்றான். பாட்டு தொடங்கியது. கூண்டு வரும் இடத்தில் அத்தனை பெண்களும் ஒன்றாக இறங்கினார்கள். அவன் ஒருவன் மட்டும் கம்பம் மாதிரி நின்றான். பெரில் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"நிறுத்து, நிறுத்து! டெக்சாஸுக்குக் கால் வரல. முதல்லேருந்து!"